மாமாவின் சம்பளமும் 1848 ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று இலங்கை அறிவித்த பிறகு ‘வங்குரோத்து’ என்ற சொல் எல்லார் வாயிலும் வந்துவிட்டது. பெற்றோல் வரிசையில், காஸ் வரிசையில், பேஸ்புக்கில், எங்கு பார்த்தாலும் அதுதான் கதை. எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல் ஒன்பது வருசத்துக்கு முதலே வந்திருந்தது. 2013 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனில் இருந்து சின்ன மாமா அம்மாவுக்குக் கோல் எடுத்து, “அக்கா, நான் வங்குரோத்து அடிக்கப் போறன்” எண்டார். அம்மா உடனே அழத் தொடங்கிவிட்டா. மாமாவைப் பொலிஸ் பிடிச்சு உள்ளுக்குப் போடப் போகுது எண்டுதான் அவ நினைச்சவ.

அம்மா நினைத்தது முழுப் பிழை என்று சொல்ல ஏலாது. ஒரு இருநூறு வருசம் பிந்தி நினைத்துவிட்டா, அவ்வளவுதான்.

நான் இங்கே எழுதப் போவது வங்குரோத்தின் முழு வரலாறு இல்லை. அதில் ஒரு சின்ன மூலையைப் பற்றித்தான். ஒருவர் ‘என்னால் கடன் கட்ட ஏலாது’ என்று சட்டப்படி எழுதிக் கொடுக்கும்போது அவருடைய வங்கிக் கணக்குக்கு என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது? மாமாவுக்குப் பெரிய அடி விழுந்தது நீதிமன்றத்தில் இல்லை, அந்த மூலையில்தான்.

மாமா 90களில் போனவர். பெற்றோல் ஸ்ரேசனில் வேலை செய்து, சீட்டுக் கட்டி, சீட்டெடுத்து, 2004 இல் கிழக்கு லண்டனில் ஒரு மூலைக்கடை எடுத்தார். பால், பாண், சிகரெட், பியர், லொத்தர். நாலு வருசம் நல்லாத்தான் ஓடியது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. அதே தெருவில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டின் சின்னக் கிளையும் வந்து திறந்தது. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க ஒரு கடனட்டை, அதைக் கட்ட இன்னொரு கடனட்டை, இரண்டையும் சமாளிக்க வங்கியில் மேலதிகப்பற்று. 2012 கடைசியில் கடையை மூடிவிட்டுத் திரும்பவும் பெற்றோல் ஸ்ரேசனுக்கே இரவு வேலைக்குப் போனார். “தொடங்கின இடத்துக்கே வந்து நிக்கிறன். வித்தியாசம், இப்ப நாப்பதாயிரம் பவுண் கடன் இருக்கு” எண்டு சொல்லுவார்.

வங்குரோத்துக்கு மனுக் கொடுக்க அப்போது ஏறத்தாழ 700 பவுண் கட்ட வேண்டும். கையில் சல்லி இல்லை என்று சொல்லுவதற்கே சல்லி வேணும். (மாமா இதை இப்பவும் சொல்லிச் சிரிப்பார். அப்ப சிரிக்கவில்லை.) ஒரு மாதிரி அதைச் சேர்த்து, ஒரு செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் போவதற்கு ஆயத்தம் செய்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தது. வழக்கம் போலப் பழைய கணக்குக்குத்தான் வந்தது. அந்தக் கணக்கோ மேலதிகப்பற்றில் மைனஸில் கிடந்தது, வங்கி அந்த வசதியையும் இரண்டு கிழமைக்கு முதலே நிறுத்திவிட்டது. சம்பளம் முழுக்க அந்தக் குழிக்குள் போய் விழுந்தது. ஏ.ரி.எம். இல் காட்டைப் போட்டால் ஒரு பவுணும் வரவில்லை. திங்கட்கிழமை வீட்டு வாடகை கட்ட வேணும்.

“அது என்ர காசு, பிள்ளை. இரவிரவா முழிச்சு உழைச்ச காசு. என்ர பேரில இருக்கிற கணக்கில வந்த காசை எப்பிடி அவங்கள் எடுப்பாங்கள்? களவுதானே இது?”

நான் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பதில் தெரியாது. பிறகு வணிகச் சட்டம் படிக்கும்போது பாடத்தில் ஒரு வழக்கின் பெயர் வந்தது. வாசித்துக்கொண்டு போகப் போக மாமாவின் குரல்தான் காதில் கேட்டது.

வழக்கின் பெயர் ஃபோலி எதிர் ஹில். ஃபோலி என்பவர் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கப் பங்காளிகளில் ஒருவர். ஹில் என்பவர் ஸ்ரவர்பிரிஜ் என்ற ஊரில் வங்கி நடத்தியவர். 1829 இல் ஃபோலியின் தனிக் கணக்கில் 6,117 பவுணும் 10 சிலிங்கும் வைப்பாகச் சேர்ந்தது. வட்டி 3 வீதம் என்று பேச்சு. ஃபோலி அந்தக் காசை அப்படியே விட்டுவிட்டார். 1838 இல் வந்து கணக்குக் கேட்டு வழக்குப் போட்டார். ஆனால் சாதாரணக் கடனை ஆறு வருசத்துக்குள் கேட்க வேண்டும், பிந்தினால் வழக்குச் செல்லாது. ஃபோலியின் வாதம், இது சாதாரணக் கடன் இல்லை, வங்கிக்காரர் என் காசைக் காவல் காக்கிற பொறுப்பாளர், ஆகவே எத்தனை வருசம் போனாலும் கணக்குக் காட்டத்தான் வேண்டும் என்பது.

வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1848 இல் கொட்டன்ஹாம் பிரபு தீர்ப்புச் சொன்னார். வங்கியில் போட்ட கணமே அந்தக் காசு உன்னுடையது இல்லை. அது வங்கிக்காரரின் காசு. அவர் அதை வைத்து என்ன வியாபாரமும் செய்யலாம், இலாபம் வந்தால் அவருடையது, கரைந்து போனாலும் உனக்கு அவர் பதில் சொல்லத் தேவையில்லை. நீ கேட்கும்போது அதே அளவு தொகையைத் திருப்பித் தருவதுதான் அவருடைய கடமை. அதாவது வங்கி உனக்குக் கடன்காரன். நீ அதற்குக் கடன் கொடுத்தவன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஃபோலி தோற்றார்.

நாங்கள் அப்படி நினைப்பதில்லை. அடகு கடையில் சங்கிலியை வைத்தால் சங்கிலி எங்களுடையதுதான், கடனையும் வட்டியையும் கட்டினால் அதே சங்கிலி திரும்பி வரும். வங்கியையும் அந்த மாதிரி ஒரு பெட்டகம் என்றுதான் மனதில் வைத்திருக்கிறோம். ‘பாங்கில காசு கிடக்கு’ என்று சொல்லுகிறோமே, அந்தக் ‘கிடக்கு’ என்ற சொல்லிலேயே பிழை இருக்கிறது. அங்கே ஒன்றும் கிடப்பதில்லை. ‘பாங்க் எனக்கு இவ்வளவு தர வேணும்’ என்ற ஒரு வாக்குத்தான் அங்கே இருக்கிறது.

சாதாரண நாட்களில் இந்த வித்தியாசம் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் தருகிறான், போதும். கடன்பட்டவர் விழும் நாளில்தான் தெரியும். வங்கி எனக்கு 1,000 தர வேண்டும், நான் அதே வங்கிக்கு 5,000 கொடுக்க வேண்டும் என்றால் வங்கி என்ன செய்யும்? ஒன்றை ஒன்றில் கழித்துவிட்டு ‘இனி நீ 4,000 தான் தர வேணும்’ என்று சொல்லும். இதற்கு எங்கள் கணக்கியல் புத்தகங்களில் எதிரீடு என்று பெயர். இரண்டு பக்கமும் கடன் என்றால் எதிரீடு நியாயமாகவே தெரிகிறது. காசு உன்னுடையது, வங்கி வெறும் காவலாளி என்றால் அதே செயல் களவு. 1848 ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதைக் களவு என்ற பக்கத்தில் இருந்து நகர்த்திக் கணக்கு என்ற பக்கத்தில் வைத்துவிட்டது. மாமாவின் சம்பளமும் அப்படித்தான் போனது. உழைத்தவர் மாமா. கணக்கில் ஏறின அந்த நொடியில் அது வங்கி மாமாவுக்குப் பட்ட கடன். மாமா வங்கிக்குப் பட்ட கடன் அதைவிடப் பெரிது.

எதிரீடு 1848 இல் புதிதாக முளைத்ததில்லை. வங்குரோத்துச் சட்டத்தில் அது எழுத்தில் வந்தது 1705 இல், ஆன் அரசியின் காலத்தில். அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய வங்குரோத்தின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன.

அதற்கு முதல் இங்கிலாந்தில் வங்குரோத்து என்றாலே குற்றம். எட்டாம் ஹென்றி காலத்தில் 1542 இல் வந்த முதல் சட்டம், மற்றவர்களின் பொருளை வாங்கிக்கொண்டு ஓடி ஒளிகிற ஏமாற்றுக்காரர்களைப் பற்றியே பேசியது. மனு கொடுத்து விடுதலை கேட்பது என்ற எண்ணமே அதில் இல்லை. 1571 இல் எலிசபெத் காலத்தில் வந்த சட்டம் அதை வியாபாரிகளுக்கு மட்டும் என்று ஆக்கியது. ஒருவரின் சொத்து முழுவதையும் எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்ட பிறகும் மிச்சக் கடன் அவர் தலையில் சாகும்வரை இருந்தது. ‘ரொபின்சன் குரூசோ’ எழுதிய டானியல் டீஃபோ 1692 இல் 17,000 பவுண் கடனோடு விழுந்தவர். மிச்சக் கடனில் இருந்து ஒரு மனிதனை விடுவிக்காவிட்டால் அவன் ஏன் சொத்தைக் காட்டப் போகிறான், ஒளிக்கத்தானே பார்ப்பான் என்று அவர் பிறகு தன் பத்திரிகையில் திரும்பத் திரும்ப எழுதினார்.

1705 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் காட்டினால் மிச்சக் கடனில் இருந்து விடுதலை. அதோடு, திரட்டிய சொத்தில் நூற்றுக்கு 5, 200 பவுணுக்கு மேற்படாமல், கடன்பட்டவருக்கே பிழைப்புக்காகத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. மனிதன் பிறகும் சாப்பிட வேண்டும் என்று ஒரு சட்டம் யோசித்திருக்கிறது, பாருங்கோ. அதே சட்டத்தில்தான் பரஸ்பரக் கடன்களைக் கழித்துக்கொள்ளலாம் என்ற எதிரீட்டு வாசகமும் வந்தது. ஒளித்தவனுக்கு? தூக்கு. 1761 இல் ஜோன் பெரொட் என்ற லண்டன் துணி வியாபாரியை, சொத்தை மறைத்தார் என்று உண்மையிலேயே தூக்கில் போட்டார்கள்.

வியாபாரி இல்லாத சாதாரண ஆக்களுக்கு இந்த விடுதலையும் இல்லை. அவர்களுக்குக் கடன் சிறை. சார்ள்ஸ் டிக்கன்ஸின் அப்பா 1824 இல் மார்ஷல்சீ சிறைக்குப் போனதும் டிக்கன்ஸ் பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. வியாபாரி, வியாபாரி இல்லாதவர் என்ற பிரிவு 1861 இல் போனது. கடனுக்காகச் சிறை வைப்பது 1869 இல் பெரும்பாலும் ஒழிந்தது. அம்மா அழுதது இந்தக் காலத்துக்கு.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1849 இல் வந்த ஆங்கிலச் சட்டம் வங்குரோத்தானவர்களுக்கு முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று சான்றிதழ் கொடுக்கச் சொன்னது. தன் பிழை இல்லாமல் விழுந்தவர் முதலாம் வகுப்பு. தன் பிழையாலேயே விழுந்தவர் மூன்றாம் வகுப்பு. பரீட்சைப் பெறுபேறு மாதிரி. பன்னிரண்டு வருசத்தில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் இங்கிலாந்துக்காரரின் கதை, எங்களுக்கு என்ன என்று கேட்டால், இருக்கிறது. எங்கள் பொதுச் சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டம். ஆனால் வணிகத்துக்கு இங்கிலாந்துச் சட்டமே வேண்டும் என்று கோப்பித் தோட்டக்காரரின் காலத்தில் அரசு முடிவெடுத்தது. 1852 இலும் 1866 இலும் வந்த கட்டளைச் சட்டங்கள் காசோலை, கம்பனி, காப்புறுதி, வங்கி போன்ற விசயங்களில் இங்கிலாந்தில் எதுவோ அதுவே இலங்கையிலும் சட்டம் என்று வைத்தன. ஸ்ரவர்பிரிஜ் வங்கிக்காரரின் வெற்றி அப்படித்தான் கப்பலேறி எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் கணக்கு வைத்திருந்தாலும் சரி, ஹற்றனில் வைத்திருந்தாலும் சரி, அந்தக் கணக்கின் பொருள் ஃபோலி வழக்கில் சொன்ன பொருள்தான்.

நொடித்துப் போனவர்களுக்கான சட்டம் 1853 இல் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்தது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், சொத்தை ஒப்படைத்து, சான்றிதழ் வாங்கி வெளியே வரலாம். இங்கிலாந்து தன் வங்குரோத்துச் சட்டத்தை 1861, 1869, 1883, 1914, 1986 என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே போனது. நாங்கள் 1853 ஐ ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வைத்துக்கொண்டு இருந்தோம். எங்கள் ஊரில் ‘இன்னார் நொடிச்சுப் போனார்’ என்று கதைப்பதைக் கேட்டிருப்பீர்கள். ‘இன்னார் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்தவர்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்’ என்று ஒரு பேச்சு இருக்கிறது. அங்கே அந்தக் கடுதாசி பேச்சில் ஏறுகிற அளவுக்குப் புழங்கியிருக்கிறது. எங்களிடம் ‘வங்குரோத்து’ என்ற சொல்தான் இருக்கிறது. கந்தோர், கக்கூசு மாதிரி அதுவும் காதுக்கு ஒல்லாந்தச் சொல்லாகத்தான் கேட்கிறது.

சரி, லண்டனுக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் மாமாவை வங்குரோத்தானவர் என்று அறிவித்தது. அன்றிலிருந்து அவருடைய சொத்து ‘உத்தியோகபூர்வ பெறுநர்’ என்ற அரச அதிகாரியின் கையில். இந்தப் பதவியை 1883 இல் ஜோசப் சேம்பர்லின் கொண்டுவந்த சட்டம் உருவாக்கியது. அதற்கு முதல் கடன் கொடுத்தவர்களே தங்களுக்குள் ஆள் வைத்து வசூலித்தார்கள், அதில் நடந்த கூத்தைப் பார்த்துத்தான் அரசு உள்ளே வந்தது. பெறுநர் வங்கிகளுக்கு அறிவிப்பார். வங்கி கணக்கை முடக்கும். மாமாவும் மாமியும் சேர்ந்து வைத்திருந்த கூட்டுக் கணக்கையும் முடக்கினார்கள். மாமி ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறவ, ஒரு சதம் கடன் இல்லாதவ. அந்தக் கணக்கில் இருந்த அவவின் பங்கை மீட்க ஆறு கிழமை கடிதம் எழுத வேண்டியிருந்தது.

புதுக் கணக்குத் திறக்கலாம்தானே? மூன்று வங்கிகளுக்குப் போனார். வங்குரோத்து என்று தெரிந்தவுடன் மூன்றும் மாட்டேன் என்றன. மாமா அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பின்னால் இருந்தது வேறு ஒன்று. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 307 ஆம் பிரிவின்படி, வங்குரோத்துக் காலத்தில் ஒருவருக்குப் புதிதாக வந்து சேருகிற சொத்தையும் பொறுப்பாளர் கோரலாம். அப்படிக் கோரக்கூடிய காசை வங்கி கணக்கால் வெளியே போகவிட்டால், பொறுப்பாளர் பிறகு வந்து எங்களிடம் கேட்பாரோ என்று வங்கிகள் பயந்தன. ஆகவே வங்குரோத்தானவர்களே வேண்டாம் என்று கதவைச் சாத்தின. பெரிய வங்கிகளில் பார்க்லேய்ஸும் கோ-ஒப்பரேட்டிவ் வங்கியும் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தன. 2012 இல் கோ-ஒப்பரேட்டிவும் நிறுத்திவிட்டது. மாமா விழுந்தது அதற்கு அடுத்த வருசம்.

கணக்கு இல்லாமல் லண்டனில் வாழ்வது எப்படி என்று யோசித்துப் பாருங்கோ. முதலாளி சம்பளத்தைக் காசோலையாகக் கொடுத்தார். அதை மாற்ற ஒரு காசோலை மாற்றும் கடைக்குப் போக வேண்டும், அவன் நூற்றுக்கு இவ்வளவு என்று வெட்டிக்கொண்டுதான் தருவான். மின்சாரத்துக்கு முற்பணக் காட், அதில் அலகு விலை கூட. கையில் காசில்லை என்று சட்டப்படி ஒப்புக்கொண்ட மனிதரிடம்தான் ஒவ்வொரு மூலையிலும் மேலதிகமாகக் கறந்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு கடன் ஆலோசனை நிலையத்தில் ஒரு அம்மா சொல்லிக் கொடுத்து, கடைசியில் ஒரு அடிப்படைக் கணக்குத் திறந்தார். மேலதிகப்பற்று இல்லை, காசோலைப் புத்தகம் இல்லை, ஒரு காட் மட்டும். “பிள்ளை, அந்தக் காட் வந்த அண்டைக்குத்தான் நான் திரும்ப மனிசன் ஆனது” எண்டார்.

2015 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இந்த இடத்தைத் திருத்தியது. பொறுப்பாளர் முன்கூட்டியே குறிப்பாக அறிவித்திருந்தால் ஒழிய, நல்லெண்ணத்தோடு கணக்கு நடத்தின வங்கியிடம் அவர் பிறகு வந்து கேட்க முடியாது என்று ஆக்கியது. கூடவே அரசுக்கும் ஒன்பது பெரிய வங்கிகளுக்கும் இடையிலான உடன்பாட்டில் 2016 தொடக்கத்தில் இருந்து கட்டணமில்லாத அடிப்படைக் கணக்குகள் வந்தன. ஒரு சின்னப் பிரிவுதான். மாமாவுக்கு அது மூன்று வருசம் பிந்திவிட்டது.

அந்த ஆலோசனை நிலைய அம்மா முதலே கிடைத்திருந்தால் மாமாவின் சம்பளமும் தப்பியிருக்கும். அவ சொன்னது மிகச் சின்ன விசயம். மனுக் கொடுப்பதற்கு முதலே, எந்தக் கடனும் இல்லாத வேறொரு வங்கியில் ஒரு சாதாரணக் கணக்கைத் திறந்து, சம்பளத்தை அதற்கு மாற்ற வேண்டும். கடன் பட்டிருக்கிற வங்கியிலேயே சம்பளத்தையும் எடுக்கக் கூடாது. இது ஒளிப்பு இல்லை. புதுக் கணக்கையும் மனுவில் எழுதத்தான் வேண்டும், அதில் உள்ள தொகையையும் பெறுநருக்குச் சொல்லத்தான் வேண்டும். எதிரீட்டுக்கு இரண்டு பக்கமும் கடன் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை அந்த வங்கியில் இருந்து எடுத்துவிட்டால் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. 1705 ஆம் ஆண்டு வாசகத்துக்கும் 1848 ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் இதுதான் மறுமொழி.

சீட்டு விசயத்தில் மாமா ஒரு மயிரிழையில் தப்பினார். கடை நடத்தின காலத்தில் ஒரு சிநேகிதரிடம் 2,000 பவுண் கைமாற்று வாங்கியிருந்தார். அண்ணனிடமும் இருந்தது. ‘வெள்ளைக்காரன்ர பாங்குக்குப் போற காசு முதல்ல எங்கட சனத்துக்குப் போகட்டும்’ எண்டு எல்லாரும் புத்தி சொன்னவை. எங்கள் ஆக்களின் மனதில் கடனுக்கு இரண்டு வகை. முகம் பார்த்து வாங்கின கடன், முகம் இல்லாத கடன். முதலாவதைக் கட்டாமல் விடுவது பாவம். சட்டம் நேரெதிராகப் பார்க்கிறது. கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசை. நீதிமன்றம் போக முந்தி, ஒருவரை மற்றவர்களைவிட நல்ல நிலைக்குக் கொண்டுவரும் எண்ணத்தில் கட்டினால் அதைப் பொறுப்பாளர் திருப்பி எடுக்கலாம். சாதாரண ஆள் என்றால் ஆறு மாதம், சொந்தக்காரர் என்றால் இரண்டு வருசம் வரை பின்னோக்கிப் பார்ப்பார். பெறுநர் முதலில் கேட்கிறது வங்கிக் கூற்றுகளைத்தான். மாமா அண்ணனுக்குக் கட்டியிருந்தால், அண்ணனின் வீட்டுக்குத்தான் கடிதம் போயிருக்கும். கையில் காசே இல்லாததால் கட்டவில்லை, ஆகவே தப்பினார். காசை மனைவி பேருக்கோ தம்பி பேருக்கோ மாற்றுவதும் இதே கதைதான். இப்போது தூக்கு இல்லை. ஆனால் ஒளித்தவருக்குப் பதினைந்து வருசம் வரை கட்டுப்பாட்டு ஆணை வரலாம், குற்ற வழக்கும் வரலாம்.

அமெரிக்காவில் ஆக்கள் இருக்கிற வீடுகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மனுக் கொடுத்த கணமே கடன் கொடுத்த எல்லாரும் கையை எடுக்க வேண்டும். எதிரீடும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. மேரிலாந்தில் ஒரு வங்கி ஒரு வழி கண்டுபிடித்தது. 1991 இல் மனுக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர் 5,068 டொலர் 75 சதம் கடன் பாக்கி வைத்திருந்தார். வங்கி அவருடைய கணக்கில் இருந்து காசை எடுக்கவில்லை. எடுக்க விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டது. இது உயர் நீதிமன்றம் வரை போனது. 1995 இல் ஒன்பது நீதியரசர்களும் ஒரே குரலில் வங்கிப் பக்கம் நின்றார்கள். நீதியரசர் ஸ்கேலியா எழுதிய தீர்ப்பின் உயிர், கணக்கு என்பது வங்கி கொடுத்த ஒரு வாக்கு மட்டுமே என்பதுதான். வாக்கை நிறைவேற்றுவதைக் கொஞ்சம் பிற்போடுவது ஒருவரின் சொத்தைப் பறிப்பது ஆகாது. கொட்டன்ஹாம் பிரபு சொல்லி 147 வருசத்துக்குப் பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம், அதே யோசனை. 2009 இல் நெவாடாவில் மனுக் கொடுத்த ஒரு தம்பதி அந்த வங்கிக்குக் கடனே பட்டிருக்கவில்லை. அவர்களுடைய கணக்குகளையும் வெல்ஸ் ஃபார்கோ முடக்கியது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதையும் பிழை என்று சொல்லவில்லை. மனுக் கொடுத்த நொடியில் கணக்கில் என்ன இருக்கிறதோ அது பொதுச் சொத்துக்குள் போய்விடுகிறது. நீங்கள் எழுதிக் கொடுத்து, இன்னும் மாற்றாத வாடகைக் காசோலை உங்கள் மனதில் செலவான காசு. கணக்கில் அது இன்னும் இருக்கிற காசு.

மாமாவுக்குப் பன்னிரண்டு மாதத்தில் விடுதலை கிடைத்தது. 2004 க்கு முதல் என்றால் மூன்று வருசம் காத்திருக்க வேண்டும். இப்போது ஒரு பேக்கரிச் சாமான் கம்பனியில் வான் ஓடுகிறார். நாங்கள் ‘வான் கடன் எடுத்து வாங்குங்கோவன்’ எண்டால் கையெடுத்துக் கும்பிடுவார். இரண்டு வங்கியில் இரண்டு கணக்கு வைத்திருக்கிறார், சம்பளம் ஒன்றுக்கு, கட்டுமதி எல்லாம் மற்றதுக்கு. ஒன்றை மற்றவனுக்குக் காட்டமாட்டார்.

எழுதுவதற்கு முதல் என்னுடைய சேமிப்புக் கணக்குத் திறந்த படிவத்தைத் தேடி எடுத்தேன். பின்பக்கம், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும். பதினோராவது பந்தியில் இருக்கிறது. வாடிக்கையாளர் வங்கிக்குக் கொடுக்க வேண்டிய எந்தத் தொகைக்காகவும், கடன்காரராக இருந்தாலும் பிணையாளியாக இருந்தாலும், அறிவித்தல் இல்லாமலே அவருடைய எந்தக் கணக்கையும் வங்கி கழித்துக்கொள்ளலாம்.

பிணையாளி என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அம்மா ரீச்சர். அரசாங்க உத்தியோகத்தர் என்றபடியால் கடனுக்குக் கையெழுத்துக் கேட்டு ஆக்கள் வருவினம். போன வருசம் கூடப் படிப்பிக்கிற ஒரு ரீச்சருக்கு, வீடு திருத்துகிற கடனுக்கு அம்மா கையெழுத்து வைத்தவ. அம்மாவின் சம்பளமும் அதே வங்கிக்குத்தான் வருகிறது. படிவத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா.

“இதில என்ன எழுதியிருக்கு எண்டு அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” எண்டா.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முடிஞ்சு வரும்போது மற்ற வங்கிக்குப் போய்ப் புதுக் கணக்குக்குப் படிவம் எடுத்துக்கொண்டு வந்தவ. சம்பளத்தை மாற்ற வலயக் கல்விக் கந்தோருக்குக் கடிதம் கொடுக்க வேணுமாம். அதை நான்தான் ரைப் பண்ணிக் கொடுத்தேன்.